குளிரூட்டிகளைத் தெரிதலும் கையாளலும்

வேனிற்காலத்தில் மண்குடத்து நீர் குளிர்ந்திருத்தலை நாம் யாவரும் அறிவோம். குடத்தின் நுண்ணிய துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைக் குடத்திலுள்ள நீரிலிருந்தே கவர்ந்து செல்கின்றது. குளிர்சாதனப் பெட்டியின் தத்துவமும் இதுவே. குடத்து நீர் ஆவியாகிக் காற்றிற் கலந்துவிடும். பெட்டியிலோ, ஆவியானதை இயந்திரத்தால் அமுக்கி, வெளிப்புறக் குழாய்களில் வெப்பத்தை இழக்கச் செய்து, மீளவும் திரவமாக்கிச் சுழலவிடுவர். இவ்வாறு சுழலும் பொருளே குளிரூட்டி. பேச்சு வழக்கில் அதனைக் ‘காஸ்’ என்பர். அப்பொருள் குழாயை விட்டு வெளிப்படுமாயின் யாது செய்யும் என்பதே ஈண்டு நாம் ஆராயவேண்டுவது.

தொடக்கத்தில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதயில் குளோரைட்டு ஆகியன குளிரூட்டிகளாக வழங்கின. மூன்றும் நன்கு குளிர்விப்பன. ஆயின் மூன்றும் நஞ்சு. 1920களில் வீட்டுப் பெட்டிகளிலிருந்து இரவிற் கசிந்த வாயுவால் உயிர் துறந்தாரும் உளர். இதனைத் தவிர்க்கக் கருதியே ஐன்ஸ்ரைனும் சிலார்டும், அசையும் உறுப்புகள் இல்லாத பெட்டியொன்றை வகுத்து, 1930இல் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றனர்.

அவ்வாண்டிலேயே வேறொரு வழி திறந்தது. தோமஸ் மிட்ச்லி என்னும் அமெரிக்க அறிஞர், குளோரீனும் புளோரீனும் காபனும் சேர்ந்த புதிய வாயுவொன்றை அறிஞர் அவையிலே தாமே மூச்சில் உள்வாங்கி, அம்மூச்சினால் மெழுகுதிரியை ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சுமன்று, எரிவதுமன்று என்பது அதனால் விளங்கிற்று. ‘பிறேயன்’ எனப் பெயர் பெற்ற அவ்வினப் பொருள் உலகெங்கும் பரவியது.

அது எங்கே செல்கின்றது என்பதை நெடுங்காலம் எவரும் வினவவில்லை. 1974இல் மொலினா, றோலன்ட் என்னும் இருவர், எதனோடும் எளிதிற் சேராத அவ்வாயு உயர் வளிமண்டலத்தை அடைந்து, ஆங்கே ஞாயிற்றின் ஊதாக் கடந்த கதிராற் சிதைந்து, குளோரீனை விடுவிக்குமென்றும், அக்குளோரீன் நம்மைக் காக்கும் ஓசோன் படையை அழிக்குமென்றும் எடுத்துக் காட்டினர். 1985இல் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் பெரிதும் குறைந்தமையைப் பிரித்தானிய ஆய்வாளர் கண்டறிந்தனர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. இலங்கை 1989இல் அதிற் சேர்ந்தது. 2001 ஒக்ரோபரில் உறுப்பு நாடுகளின் கூட்டம் கொழும்பிலே நடைபெற்றது. இன்று ஓசோன் படை மெல்லத் தேறி வருகின்றது.

ஆயினும் சிக்கல் தீர்ந்திலது. குளோரீனை நீக்கி ஆக்கிய ஆர்-134ஏ, ஆர்-410ஏ முதலியன ஓசோனுக்குத் தீங்கு செய்யா. புவியையோ மிக வெப்பமாக்குவன. 100 ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-134ஏ ஏறத்தாழ 1,430 கிலோ காபனீரொட்சைட்டுக்கு ஒப்பாகும். ஆர்-410ஏ ஏறத்தாழ 2,088 கிலோவுக்கு ஒப்பாகும். ஆதலின் 2016இல் கிகாலி நகரில் இவற்றையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் இணங்கின.

எனவே குறையற்ற குளிரூட்டி ஒன்றில்லை என்பதை உணர்ந்து, இடத்துக்கு ஏற்பத் தெரிதல் வேண்டும். வீட்டுப் பெட்டிக்கு ஐசோபியூட்டேன் எனப்படும் ஆர்-600ஏ தக்கது. அது எரியக்கூடியதேனும், சில பத்துக் கிராமே போதுமாதலின் ஆபத்து சிறிது. அறை வளிச்சீராக்கிக்கு வழங்கும் ஆர்-32 சிறிதளவே எரியும் இயல்பினது. அதன் வெப்பமாக்கும் வலு 675. பனிக்கட்டித் தொழிற்சாலைக்கு அமோனியா இன்றும் சிறந்ததே. அது நஞ்சாயினும், அதன் கடுநெடி கசிவை உடனே அறிவித்துவிடும். பயிற்சி பெற்றோர் காவலில் மாத்திரம் அதனை வைத்தல் வேண்டும்.

இனிக் கையாளும் முறை கூறுவாம். முதலாவது, இயந்திரத்திற் பொறித்த தகட்டை வாசித்தல். ஒன்றற்கென அமைந்த இயந்திரத்தில் வேறொன்றை ஏற்றலாகாது. ஆர்-22 இயந்திரத்தில் மலிவு கருதிப் புரொப்பேனை நிரப்புவோர் உளர். அதன் ஆளிகளும் மின்னிணைப்புகளும் எரிவாயுவைக் கருதி அமைந்தனவல்ல. ஒரு பொறி எழுந்தால் வீடே தீப்பற்றும்.

இரண்டாவது, கசிவை அடைத்த பின்னரே நிரப்புதல். இயந்திரம் குளிரூட்டியை உண்பதில்லை. குறைந்ததாயின் எங்கோ துளை உண்டு. அதனை உலர்ந்த நைதரசனை ஏற்றிச் சவர்க்கார நீரால் அறியலாம். ஒட்சிசனை ஏற்றுதல் ஒருபோதும் ஆகாது. அது உள்ளிருக்கும் எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும்.

மூன்றாவது, பழைய குளிரூட்டியை வெளியே திறந்துவிடாது, மீட்கும் இயந்திரத்தால் உருளையிற் சேர்த்தல். வெப்பத்தால் திரவம் விரியுமாதலின் உருளையை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பலாகாது.

நான்காவது, காற்றோட்டம். அமோனியா நீங்கலாகப் பெரும்பாலான குளிரூட்டிகள் காற்றினும் பாரமானவை. மணமின்றித் தரையிற் படிந்து மூச்சுத் திணறச் செய்வன. புளோரீன் சேர்ந்தவை தீச்சுவாலையிற் பட்டால் நச்சமில வாயுக்களாக மாறும். திரவம் தோலிற் பட்டால் உறைபுண் உண்டாகும்; ஆதலின் கையுறையும் கண்ணாடியும் இன்றியமையாதன.

கடைகளும் மருந்தகங்களும் தொழிற்சாலைகளும் நடத்தும் பழைய மாணவர் பலர். பழுதுபார்க்க வருபவரிடம் அவர்கள் மூன்று வினாக்களைக் கேட்பாராக: உள்ளிருப்பது எது? கசிவு எங்கே? பழையதை எதிற் சேர்க்கின்றீர்? இவ்வினாக்களைக் கேளாது கொடுக்கும் கூலி, பின்வீதியிலே வாயுவைத் திறந்துவிடுதற்குக் கொடுக்கும் கூலியாகவும் முடியலாம். முன்னாளிற் பெரிதும் வழங்கிய ஆர்-12 ஏறத்தாழ 100 ஆண்டு வளிமண்டலத்தில் நிலைத்திருக்கும். அன்று திறந்துவிட்டது இன்று பிறக்கும் குழந்தையின் தலைக்கு மேலும் உளது.

மிட்ச்லி சோதித்தது ஓர் அறையின் காற்றை. மொலினாவும் றோலன்டும் எண்ணியது அவ்வறைக்கு வெளியே உள்ள வானத்தை. 1995இல் அவ்விருவரும் குருட்சன் என்பாரோடு நோபெற் பரிசு பெற்றனர். மாணவர்கள் யாதொரு பொருளையும் ஆராயுங்கால், ‘இது எமக்கு யாது பயன் தரும்?’ என்பதோடு, ‘பயன் தந்தபின் இது எங்கே செல்லும்?’ என்பதையும் வினவப் பழகுவாராக.