ரெக்கார்டா, போனா... எதுல பாட்டு நல்லா கேட்கும்?

ராமநாதபுரம் மாவட்டம் அபிராமம் பக்கம் தாத்தாக்களிடம் கேட்டுப் பாருங்க. கல்யாணம், கந்தூரி, கோயில் திருவிழா எதுவானாலும் முதல்ல வந்து இறங்குவது ரேடியோ செட்தான். மரத்து உச்சியில் குழாய், கீழே சுத்துற ரெக்கார்டு. டி.எம்.எஸ்., நாகூர் ஹனிபா குரல் அடுத்த ஊர் வரைக்கும் போகும். "அந்த சவுண்டு உன் போன்ல வராதுப்பா" என்பார்கள். நிஜமா?

எப்படிப் பாடுது?

ரெக்கார்டில் ஒலி அலையே நெளிநெளியான கோடாக வெட்டப்பட்டிருக்கும். அதில் ஓடும் ஊசி அதிர, அந்த அதிர்வு மின்சாரமாகி ஸ்பீக்கருக்குப் போகிறது. டிஜிட்டலில் அலை எண்களாக மாறுகிறது. சி.டி-யில் நொடிக்கு 44,100 முறை. 'அப்போ நடுவுல விட்டுப்போகுமே?' போகாது. நம் காது கேட்கும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதுவரைக்கும் உள்ள அலையை அப்படியே திருப்பி எடுக்க இதுவே போதும்.

மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் உள்ள இடைவெளி சி.டி-யில் சுமார் 96 டெசிபல். நல்ல எல்.பி-யிலேயே 70-ஐ ஒட்டித்தான். கணக்குப்படி டிஜிட்டல்தான் வின்னர்.

தாத்தா சொன்னது பொய்யா?

இல்லை. பழைய பாட்டை ரீமாஸ்டர் செய்யும்போது சத்தத்தைக் கூட்டி, மெதுவான இடத்தையும் உச்சத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவது உண்டு. தேய்ந்த கேசட்டிலிருந்து யூடியூபில் ஏற்றியதும் உண்டு. அதைவிட நல்ல ரெக்கார்டு இனிமையாகத்தான் இருக்கும். குறை டிஜிட்டலில் இல்லை, காப்பியில். இன்னொன்று, இப்போ புதுசா வரும் எல்.பி-க்கள் பலவும் டிஜிட்டல் ஃபைலிலிருந்தே வெட்டப்படுகின்றன!

பரணைப் பாருங்க

டேப் வராத 1930-களில் கச்சேரிப் பாட்டும் நாடகப் பாட்டும் நேரடியாகத் தட்டில்தான் பதிவாயின. பக்கத்துக்கு மூணு நிமிஷம் ஓடும் 78 ஆர்.பி.எம் அரக்குத் தட்டு அது. ஒரிஜினல் அச்சு தொலைந்துபோன பாட்டுக்கு, வீட்டில் மிஞ்சிய தட்டுதான் ஒரே மூலம். கீழே விழுந்தால் அதுவும் போச்சு.

அதனால் பழைய சாமான் கடைக்குப் போடாதீங்க. வெயில் படாம நிற்க வைங்க. அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீங்க, கரைஞ்சிடும். 78-க்குரிய அகலமான ஊசியில் ஓட்டி, டிஜிட்டலா மாத்தி வைங்க. தாத்தாவின் சவுண்டு அப்புறம் உங்க போன்லயும் வரும்.