மடக்குக் கத்தி மழுங்குவது ஏன்?

பென்சில் சீவ, பார்சல் கயிற்றை அறுக்க, மாங்காய் நறுக்க, மின்கம்பியின் மேலுறையைச் சீவ, ஒட்டுக்கட்டுவதற்காக மாங்கன்றின் தண்டைச் சரிவாக வெட்ட என்று எத்தனையோ வேலைகளுக்குக் கைகொடுப்பது மடக்குக் கத்தி. வாங்கிய புதிதில் காகிதத்தில் வைத்தவுடனே அறுக்கும். இரண்டு மாதம் சென்றால் தக்காளித் தோலில்கூட வழுக்கும். வழுக்குகிறதே என்று நாம் கூடுதலாக அழுத்துகிறோம். அப்போது கத்தி நழுவி விரலைப் பதம் பார்த்துவிடுகிறது. கூரான கத்தியைவிட மழுங்கிய கத்தியிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். அந்தக் கூர்மை எங்கே போயிற்று? அதை மீட்பது எப்படி?

கூர்மை என்றால் என்ன?

விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கத்தியின் இரகசியம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. 1 செ.மீ. நீளமுள்ள விளிம்பின்மீது 1 கிலோகிராம் எடை அழுத்துவதாகக் கொள்வோம். விளிம்பின் தடிப்பு 1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்போது தொடும் பரப்பு 0.01 சதுர மி.மீ. ஆகவே ஒரு சதுர மி.மீ.க்கு 100 கிலோகிராம் எடை வீதம் அழுத்தம் விழுகிறது. அதே விளிம்பு மழுங்கி, மெல்லிய தலைமயிரின் தடிப்பான 50 மைக்ரானுக்கு வந்துவிட்டால், அழுத்தம் 2 கிலோகிராம் எடை வீதம்தான்! கண்ணுக்குத் தெரியாத இந்த மாறுதலால் கத்தியின் ஆற்றல் ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

கத்தி தேய்வதால் மட்டும் மழுங்குவதில்லை. மெல்லிய விளிம்பு கடினமான பொருளில் மோதி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடலாம். நுண்ணிய சில்லுகளாகப் பெயர்ந்துவிடலாம். மாங்காய், எலுமிச்சை ஆகியவற்றின் அமிலமும் விளிம்பை அரிக்கும். நறுக்கியவுடன் கத்தியைக் கழுவித் துடைத்து வைப்பதே பாதிப் பராமரிப்பு ஆகும்.

எந்த எஃகு?

நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் 18-8 என்ற வகை உண்டு. அதில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கும். அது துருப்பிடிக்காது, ஆனால் எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. ஆகவே கத்திக்கு உதவாது. கத்திக்கான துருப்பிடிக்காத எஃகில் குரோமியத்தோடு போதிய கார்பனும் இருக்க வேண்டும். கடைக்குச் செல்லும்போது சிறு காந்தம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கத்தியின் அலகில் காந்தம் ஒட்டாவிட்டால் அதை வாங்க வேண்டாம். ஒட்டினால் மட்டும் நல்ல எஃகு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சாதாரண இரும்பிலும் காந்தம் ஒட்டுமே!

கார்பன் மட்டும் போதுமா? மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் உள்ள திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். இத்தகைய அரிவாள் பட்டறைகளில் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டைகளை அரிவாளாக அடிப்பது வழக்கம். கார்பன் கலந்த அந்த எஃகைச் செந்தணலாகக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் மிகவும் கடினமாகிறது. ஆனால் கூடவே நொறுங்கும் தன்மையும் வந்துவிடுகிறது. ஆகவே மறுபடியும் இளஞ்சூடு காட்டி, கடினத்தைச் சற்றுக் குறைத்து, உறுதியைக் கூட்டுகிறார்கள். எஃகுக்குப் பதம் ஏற்றுவது என்பது இதுதான். மடக்குக் கத்திக்கும் இதே விதிதான்.

எஃகின் கடினத்தை ராக்வெல் 'சி' என்ற அளவையால் குறிப்பார்கள். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்திகளின் அலகு ஏறத்தாழ 56 அளவு கொண்டது. 60-க்கு மேல் உள்ள எஃகு கூர்மையை நெடுநாள் காக்கும். ஆனால் எளிதில் சில்லு பெயரும், வீட்டுக் கல்லில் தீட்டுவதும் கடினம். அன்றாட வேலைக்கு 55 முதல் 58 வரை போதுமானது. அலகு 6 முதல் 8 செ.மீ. நீளம் இருக்கட்டும். திறந்து பிடித்தால் அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. பயன்படுத்தும்போது தானாக மடங்காதபடி வில் இறுக்கமாக இருக்க வேண்டும். பள்ளிக்கோ விமானப் பயணத்தில் கைப்பையிலோ இதை எடுத்துச் செல்லலாகாது.

சாணையும் சூடும்

மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்தை அடுத்த திருநகர் போன்ற குடியிருப்புகளில், சைக்கிளில் சாணைச் சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு குரல் கொடுத்து வருபவரைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தில் கத்தி பட்டதும் பொறி பறக்கிறது. அந்தப் பொறிகள், உராய்வின் சூட்டில் காற்றிலேயே எரியும் எஃகுத் துகள்கள். அந்தச் சூடு அலகிலும் ஏறும். கைதேர்ந்தவர் கத்தியை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிப்பதில்லை. விரைவாக நகர்த்துவார், இடையிடையே தண்ணீரில் நனைப்பார்.

இதில் கவனம் தவறினால் என்ன ஆகும்? பளபளப்பான எஃகு சுமார் 220 பாகை செல்சியசில் வைக்கோல் நிறமும், சுமார் 300 பாகையில் நீல நிறமும் கொள்ளும். விளிம்பில் நீலம் படர்ந்தால் சாதாரணக் கத்தியின் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர்மை நிலைக்காது. மடக்குக் கத்தியின் அலகோ மெல்லியது. வெகு விரைவில் சூடேறும். ஆகவே அதைக் கையால், குளிர்ச்சியாகத் தீட்டுவதே நல்லது.

கல்லும் நம் நாட்டுக்குப் புதிதல்ல. குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்யும் முறை பழமையானது. ஆங்கிலத்தில் இதைக் 'கொரண்டம்' என்கிறார்களே, அந்தப் பெயரும் நம் குருந்தத்திலிருந்து சென்றதுதான். 1891-இல் அமெரிக்கரான ஆச்சிசன், மின் உலையில் அதைவிடக் கடினமான சிலிக்கன் கார்பைடை உருவாக்கினார். அதுவே கார்பொரண்டம். சென்னையில் 1954-இல் தொடங்கப்பெற்ற கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனம் இத்தகைய தேய்ப்புப் பொருள்களைச் செய்கிறது. ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் மென்மையும் கொண்ட கல் ஒன்று வீட்டுக்குப் போதும்.

தீட்டும் முறை

ஈரத்துணி விரித்து அதன்மேல் கல்லை அசையாமல் வையுங்கள். கல்லை நன்றாக நனையுங்கள். அலகு கல்லோடு சுமார் 20 பாகைக் கோணத்தில் நிற்க வேண்டும். கோணமானி தேவையில்லை. காகிதத்தின் மூலையை இரண்டு முறை சரிபாதியாக மடித்தால் 90 பாகை 45 ஆகி, பிறகு 22½ ஆகிவிடும். அந்தச் சரிவே ஏறத்தாழ நமக்கு வேண்டியது. அலகின் அகலம் 2 செ.மீ. ஆனால், அதன் முதுகு கல்லிலிருந்து 7 மி.மீ. உயர்ந்திருக்கும்.

கல்லின் மேற்பரப்பில் மெல்லிய தோல் ஒன்றைச் சீவி எடுப்பதுபோல், விளிம்பு முன்செல்லும்படி அலகைத் தள்ளுங்கள். அழுத்தம் இலேசாக இருக்கட்டும். கோணம் மாறவே கூடாது. சற்று நேரத்தில் மறுபக்க விளிம்பில் ஒரு பிசிறு எழும்பும். முதுகிலிருந்து விளிம்பை நோக்கிக் குறுக்காக விரலை நகர்த்தினால் அது தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டிப் பார்க்கக் கூடாது. விளிம்பு முழுவதும் பிசிறு எழுந்த பிறகே அலகைத் திருப்பி மறுபக்கம் தீட்ட வேண்டும். இதே வேலையைக் கல்லின் மென்மையான பக்கத்திலும் செய்யுங்கள். முடிவில் பழைய தோல்வாரில், முதுகு முன்செல்லும்படி பத்துப் பன்னிரண்டு முறை மாறிமாறி இழுத்தால் பிசிறு அகன்றுவிடும். முடிதிருத்துபவர் சவரக் கத்தியைத் தோல்வாரில் இழுப்பது இதற்காகத்தான்.

விளிம்பு சற்றே மழுங்கியிருந்தால் கல் தேவையே இல்லை; தோல்வாரே போதும். ஒவ்வொரு முறை கல்லில் தேய்க்கும்போதும் கொஞ்சம் எஃகு போய்விடுகிறது. அது திரும்பி வருவதில்லை.

கல்லா, வாரா என்று எப்படி அறிவது? விளிம்பு மேல்நோக்கி இருக்குமாறு கத்தியை விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பில் ஒளியைத் திருப்பிக் காட்டப் போதிய பரப்பு இல்லை. ஆகவே அது இருண்டே தெரியும். எங்கே வெள்ளைக் கோடு மின்னுகிறதோ, அங்கே கத்தி மழுங்கியிருக்கிறது. கோடு இலேசாக இருந்தால் வாரில் இழுங்கள். நன்றாகத் தெரிந்தால் கல்லை எடுங்கள்.