கருங்கனிச் சாறும் மகளிர் உடற்கொழுப்பும்: ஆய்வு கூறுவது என்ன?

கருநிறக் கனிகளின் சாற்றை வடித்துப் பொடியாக்கி, குப்பிகளில் அடைத்து, 'உடற்கொழுப்பை எரிக்கும்' என்ற விளம்பரத்துடன் விற்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் உள்ளது. உடல் எடை குறைய வேண்டும் என விரும்பும் பெண்களே இவ்விளம்பரங்களின் முதல் இலக்கு. இக்கூற்றுக்கு அடிப்படையாக நல்ல முறையில் நடத்தப்பட்ட ஆய்வும் உண்டு. ஆனால் ஆய்வு கூறுவது ஒன்று. விளம்பரம் கூறுவது வேறொன்று. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் வீட்டுப் பணம் வீணாகாமல் காக்கலாம்.

கனி எது?

இவ்வகைச் சாறுகளுள் நன்கு ஆராயப்பட்ட ஒன்று பிளாக் கரண்ட் என்னும் கனியின் சாறாகும். இது ஒரு குளிர்நாட்டுப் புதர்ச்செடி. கனிகள் சுண்டைக்காய் அளவில், கருநீல நிறத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். நியூசிலாந்து நாட்டில் கேன்டர்பரி, நெல்சன் ஆகிய பகுதிகளில் இது பயிரிடப்பட்டு, எந்திரங்களின் உதவியால் அறுவடை செய்யப்படுகிறது. நம் கடைகளில் சில வேளைகளில் இதே பெயரில் விற்கப்படும் உலர்ந்த கறுப்புப் பழம் திராட்சை வகையைச் சேர்ந்தது. இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்கள்.

இக்கனியின் கருநிறத்திற்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருளாகும். நாவற்பழத்தைத் தின்றால் நாக்கில் ஏறும் ஊதா நிறமும், செம்பருத்தி இதழ்ச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் தோன்றும் செந்நிறமும் இக்குழுவைச் சேர்ந்தவையே.

உடலின் இரு எரிபொருள்கள்

நாம் உழைக்கும்போது உடல் முக்கியமாக இரண்டு பொருள்களை எரித்து ஆற்றலைப் பெறுகிறது. ஒன்று மாவுச்சத்து, மற்றொன்று கொழுப்பு. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோ கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரியும் தரும். மாவுச்சத்தின் இருப்பு தசையிலும் ஈரலிலும் சில நூறு கிராம் அளவே உண்டு. கொழுப்பின் இருப்போ, மெலிந்தவர் உடலிலும் பல கிலோ இருக்கும்.

ஓய்விலும் மிதமான உழைப்பிலும் கொழுப்பின் பங்கு கணிசமாக இருக்கும். மூச்சு வாங்கும் அளவுக்கு வேகம் கூடும்போது மாவுச்சத்தின் பங்கு உயரும். ஒரே தரமான உழைப்பில், ஆண்களைக் காட்டிலும் பெண்களின் உடல் கொழுப்பைச் சற்றுக் கூடுதலாகப் பயன்படுத்துகிறது. பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜன் இதற்கு ஒரு காரணமாகும்.

எந்த எரிபொருள் எவ்வளவு எரிகிறது என்பதை மூச்சுக்காற்றைக் கொண்டே கணக்கிடலாம். வெளிவிடும் கரியமில வாயுவின் அளவை உட்கொண்ட பிராணவாயுவின் அளவால் வகுக்க வேண்டும். விடை 0.7 எனில் எரிவது கொழுப்பு, 1.0 எனில் மாவுச்சத்து. இடைப்பட்டதெனில் இரண்டும் கலந்து எரிகின்றன.

மகளிரிடம் நடந்த ஆய்வு

2018 இல் வெளியான ஓர் ஆய்வில், நெடுநேர உடற்பயிற்சியில் நன்கு பழகிய 16 பெண்கள் பங்கேற்றனர். ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் நியூசிலாந்து பிளாக் கரண்ட் சாற்றுப்பொடியை 7 நாள்கள் உட்கொண்டனர். இதில் ஆந்தோசயனின் 210 மில்லிகிராம் இருந்தது. பின்னர் 120 நிமிடங்கள் மிதமான வேகத்தில் மிதிவண்டிப் பயிற்சி செய்தனர்.

நாம் உர ஆய்வில் உரமிடாத பாத்தி ஒன்றை ஒப்பீட்டுக்காக வைப்பது வழக்கம். அதுபோல, இதே பெண்களே மற்றொரு முறை சத்தில்லாத போலிக் குப்பியையும் உட்கொண்டு அதே பயிற்சியைச் செய்தனர். எம்முறை எது உண்டோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. உண்மைச் சாறு உட்கொண்டபோது, பயிற்சியின் இடையே எரிந்த கொழுப்பின் சராசரி அளவு 27 விழுக்காடு கூடியிருந்தது.

இதற்கு முன் 2017 இல் ஆண் மிதிவண்டி வீரர்களிடம் நடந்த ஆய்வில் 600 மில்லிகிராம் அளவுக்கு ஏறத்தாழ 21 விழுக்காடும், 900 மில்லிகிராம் அளவுக்கு ஏறத்தாழ 24 விழுக்காடும் கொழுப்பு எரிவு கூடியது. தழைச்சத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் விளைச்சல் அதே வீதத்தில் கூடுவதில்லை என்பதை உழவர்கள் அறிவர். இங்கும் அதே நிலைதான். இச்சாறு தசைகளுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் கூட்டுவது இவ்விளைவுக்கு ஒரு காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

கொழுப்பு எரிந்தால் எடை குறையுமா?

27 விழுக்காடு என்பதைக் கிராம் கணக்கில் பார்ப்போம். ஒரு பெண் நிமிடத்திற்கு அரை கிராம் கொழுப்பை எரிப்பதாக ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் இது 60 கிராம் ஆகும். 27 விழுக்காடு கூடினால் 76 கிராம். கூடுதலாக எரிந்தது 16 கிராம். அதாவது ஒரு பெரிய கரண்டி எண்ணெயின் அளவு.

இந்த 16 கிராமும் முழு ஆதாயம் அன்று. செய்த உழைப்பு ஒன்றே. அதற்குத் தேவையான மொத்த ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றே. கொழுப்பு 16 கிராம் கூடுதலாக எரிந்தால், அதற்கு ஈடாக மாவுச்சத்து ஏறத்தாழ 36 கிராம் எரியாமல் மிஞ்சும். அடுப்பில் விறகைக் குறைத்து வறட்டியைக் கூட்டினாலும், உலை கொதிக்கத் தேவையான வெப்பம் மாறுவதில்லை. மிஞ்சிய மாவுச்சத்தை உடல் பின்னர் பயன்படுத்தும்போது, அந்த அளவுக்குக் கொழுப்பு எரியாமல் தங்கிவிடும். ஆகவே உடல் எடையை முடிவு செய்வது, நாள் முழுவதும் உண்ட உணவுக்கும் செலவிட்ட ஆற்றலுக்கும் உள்ள வேறுபாடே ஆகும்.

மாவுச்சத்து மிஞ்சுவது நெடுந்தொலைவு ஓடும் வீராங்கனைக்குப் பயன்படலாம். எடை குறைய விரும்பும் இல்லத்தரசிக்கு அது பயன் தரும் என்று இவ்வாய்வு கூறவில்லை. அதில் பங்கேற்றோர் பயிற்சி பெற்றவர்கள். அளக்கப்பட்டது உடல் எடை அன்று. காலமும் 7 நாள்களே.

நாவற்பழம் ஈடாகுமா?

நாவற்பழத்திலும் ஆந்தோசயனின் உண்டு என்பதால் அதுவும் இதே பயனைத் தரும் எனக் கூறிவிட இயலாது. ஒரு நெல் இரகத்தின் விளைச்சலைக் கொண்டு மற்றோர் இரகத்தின் விளைச்சலைக் கூற முடியாதது போன்றதே இது. எனினும் நாவற்பழம் நல்ல உணவுப்பழம். நிறப்பொருள் தோலில்தான் மிகுதி என்பதால் நன்கு கனிந்த பழத்தைக் கழுவித் தோலுடன் உண்ண வேண்டும். மிகு வெப்பமும் நேர் வெயிலும் இந்நிறப்பொருளைச் சிதைக்கும். ஆதலால் பழச்சாற்றை நெடுநேரம் கொதிக்க வைத்தல் கூடாது.

கவனத்திற்குரியவை

1. பிளாக் கரண்ட் செடி பூத்துக் காய்க்கப் பல நூறு மணி நேரக் கடுங்குளிர் தேவை. சமவெளிக்கு இப்பயிர் ஏற்றதன்று. நாற்று விற்க வருவோரிடம் முன்பணம் தரலாகாது.

2. குப்பி வாங்க நேர்ந்தால், எக்கனியின் சாறு, ஆந்தோசயனின் எத்தனை மில்லிகிராம் என்பவற்றை உறையில் பார்க்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இருத்தல் வேண்டும். உரிம எண் இருப்பதாலேயே விளம்பரக் கூற்று மெய்ப்பிக்கப்பட்டதாகாது.

3. கருவுற்றோரும், பாலூட்டுவோரும், நாள்தோறும் மருந்து உண்போரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உண்ணலாகாது.

4. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுதும் உழைக்கும் பெண்களுக்கு முதல் தேவை கீரை, பயறு, முட்டை போன்ற உணவே. கீரை, பயறுடன் நெல்லியோ கொய்யாவோ சேர்த்து உண்டால், அவற்றிலுள்ள இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும்.

உடல் எடை கூடியவர்கள் உணவின் அளவைச் சீர்செய்து, நாள்தோறும் விறுவிறுப்பாக நடப்பதே செலவில்லாத வழியாகும். எனவே உழவர் பெருமக்களும் இல்லத்தரசிகளும் விளம்பரத்தில் காணும் விழுக்காட்டை மட்டும் நம்பாமல், அது எதை அளந்த விழுக்காடு என்று கேட்டறிந்த பின்னரே பணத்தைச் செலவிட வேண்டும்.