அந்த 'நாட்'டை மட்டும் யாரிடமும் சொல்லிடாதீங்க!

செருப்பை வெளியே விட்டுவிட்டு மெதுவாக வாருங்கள். சாலிகிராமத்து மாடி அறை ஒன்றில் கதை டிஸ்கஷன் நடக்கிறது! தரையில் நாலைந்து உதவி இயக்குநர்கள், நடுவில் ஆறிப்போன டீ, சுவரெங்கும் சீன் ஆர்டர் எழுதி ஒட்டிய காகிதங்கள். நம் தலை தெரிந்ததும் பேச்சு நிற்கும், லேப்டாப் மூடப்படும், "சார் யாரு?" என்று ஒரு பார்வை வரும். கோடம்பாக்கத்தில் நகையைவிடப் பத்திரமாகப் பூட்டி வைக்கப்படுவது படத்தின் 'நாட்'தான். ஹீரோ யார், அவனுக்கு என்ன சிக்கல், இடைவேளையில் என்ன வெடிக்கிறது என்பதைச் சொல்லும் அந்த ஒற்றை வரியை ரூம்மேட்டிடம்கூட முழுசாகச் சொல்ல மாட்டார்கள்.

இங்கேதான் முதல் ட்விஸ்ட். அத்தனை கட்டுக்காவலுக்குள் இருக்கும் அந்த ஒரு வரியைப் பதிப்புரிமைச் சட்டம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை! அது பார்ப்பதெல்லாம் மேஜையில் அலட்சியமாகக் கிடக்கிறதே, அந்த நூற்றுச் சொச்சம் பக்க பவுண்ட் ஸ்கிரிப்டை. காட்சிகள் எந்த வரிசையில் வருகின்றன, யார் என்ன பேசுகிறார், எந்தப் பாத்திரம் எப்போது உடைகிறது என்று நீங்கள் எழுதி வைத்தது எல்லாம் உங்கள் சொத்து. எழுதியவுடனே சொத்து, பதிவு செய்யாவிட்டாலும் சொத்து. ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும். மனதுக்குள் ஓடும் படத்துக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

இதை முடிவுகட்டிய வழக்கின் கதையே ஒரு சினிமா. 1950களின் டெல்லி. ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்றொரு நாடகம் எழுதி மேடையேற்றுகிறார். பஞ்சாபிக் குடும்பம் ஒன்று, பக்கத்தில் நம்மூர்க் குடும்பம் ஒன்று, பிள்ளைகளுக்குள் காதல், பெற்றோருக்குள் மாகாணச் சண்டை. நாடகம் பேசப்படுகிறது. படம் எடுக்கும் ஆசையோடு மோகன் செகல் வருகிறார், நாடகத்தை முழுசாகக் கேட்கிறார், போகிறார். 1956இல் அவர் இயக்கிய 'நியூ டெல்லி' வெளியாகிறது. அதில் கிஷோர் குமார் பஞ்சாபிப் பையன், நம்ம வைஜயந்திமாலா தமிழ்ப் பெண்! வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பையன் தமிழனாக வேஷம் போடுகிறான். தியேட்டரில் ஊரே சிரித்துக்கொண்டிருக்க, ஆனந்த் நேராக நீதிமன்றம் போனார்.

கீழ் நீதிமன்றத்தில் தோல்வி. டெல்லி உயர் நீதிமன்றத்திலும் தோல்வி. 1978இல், அதாவது படம் வந்து 22 ஆண்டுகள் கழித்து, உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. மாகாண வெறி என்ற கரு யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதல்ல, ஒரே கருவை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லலாம், இரண்டையும் பார்த்த சாதாரண ரசிகனுக்கு 'இது அதேதான்' என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தோன்றினால்தான் திருட்டு என்றது தீர்ப்பு. படத்தில் வீட்டு வாடகைப் பிரச்சினை இருந்தது, வரதட்சணை இருந்தது. நாடகத்தில் அவை இல்லை. ஆனால் எனக்குப் பிடித்த பகுதி நீதிபதி ஆர்.எஸ். பதக் தனியாக எழுதிய சில பத்திகள். திரைக்கதை எழுதியவர்களுக்கு நாடகம் தெரிந்தே இருந்தது, அதன் சாயலும் படத்தில் இருக்கிறது என்கிறார். அடுத்தவர் உழைப்பை எடுத்துக்கொள்ள நினைப்பவர் அதைக் கொஞ்சம் விரித்து, வேறு சரக்கையும் சேர்த்துத் தப்பிவிட முடியும் என்றும் நாசூக்காகக் குத்துகிறார். கீழே இரண்டு நீதிமன்றங்கள் ஒரே முடிவுக்கு வந்திராவிட்டால் தன் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்ற பெருமூச்சும் உண்டு. தோற்றவருக்கு இதைவிட இனிப்பான தோல்வி கிடைக்குமா என்ன!

சரி, சென்னைக்குத் திரும்புவோம். 2018 தீபாவளி நினைவிருக்கிறதா? 'சர்கார்' வரப்போகிறது. விஜய் ரசிகர்கள் கட்-அவுட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்க, திரைக்குப் பின்னால் வேறொரு கிளைமாக்ஸ். உதவி இயக்குநர் வருண் ராஜேந்திரன், தான் 2007இல் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்த 'செங்கோல்' கதையை எடுத்துக்கொண்டு வருகிறார். சங்கத் தலைவர் நாற்காலியில் யார்? கே. பாக்யராஜ்! திரைக்கதைக்கே பேர்போன மனிதர், இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். ஒருவன் ஓட்டை இன்னொருவன் போட்டுவிடுகிறான் என்பதில் தொடங்கும் அந்தப் பொறி இரண்டிலும் இருக்கிறது. சங்கம் வருண் பக்கம் நிற்கிறது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் போகிறது. ரிலீசுக்கு ஒரு வாரம் இருக்க, அக்டோபர் 30 அன்று சமரசம். படத்தில் வருணுக்கு ஒரு டைட்டில் கார்டு. ஓட்டு என்ற பொறி அவருக்கு முன்பே தோன்றியது என்பதற்குத்தான் அந்த கார்டு; கதை, திரைக்கதை எல்லாம் என்னுடையவைதான் என்று படத்தின் இயக்குநர் ஏ.ஆர். முருகதாஸ் வீடியோவில் விளக்கினார். படம் வருமுன்பே கதையை வெளியே சொல்ல நேர்ந்ததற்கு பாக்யராஜ் வருத்தம் தெரிவித்தார், ராஜினாமா வரைக்கும் போனார். நடுவர் தீர்ப்புச் சொல்லப் போய் நாட்டையே போட்டு உடைத்த கதை!

கவனித்தீர்களா? சட்டப் புத்தகத்தில் ஒரு வரிக்கு மதிப்பில்லை. ஆனால் சங்கத்து ரெஜிஸ்டரில் 2007 என்று ஒரு தேதி இருந்ததால், தீபாவளிப் படமே பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டியதாயிற்று. பதிவு என்பது பெரும்பாலும் அந்தத் தேதிக்காகத்தான். மும்பை எழுத்தாளர் சங்கத்தில் ஆன்லைனிலேயே பக்கத்துக்குப் பக்கம் முத்திரை விழும். பிரதியைப் பத்திரப்படுத்துவது உங்கள் பொறுப்பு, அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. அரசுப் பதிவு வேண்டுமானால் டெல்லி துவாரகாவில் இருக்கும் பதிப்புரிமை அலுவலகம். இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் 500 ரூபாய்தான். விண்ணப்பித்ததும் டைரி நம்பர் வரும், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பு, அப்புறம்தான் பரிசீலனை. இந்தப் பதிவேட்டில் இருப்பதை நீதிமன்றம் முதல்நோக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கும் அண்ணன்கள் மன்னிக்கவும்: அந்த உறைக்குச் சட்டத்தில் அப்படியொரு தனி அந்தஸ்து தரப்படவில்லை.

அப்படியானால் நரேஷனுக்குப் போகும்போது அந்த ஒற்றை வரிக்குக் காவலே இல்லையா? உண்டு, பின்வாசல் வழியாக! சன்டியல் என்ற நிறுவனம், குட்டிக் கண்ணன் ஒரு குடும்பத்துக்குள் வரும் தொடர் ஒன்றின் கருவை ஜீ தொலைக்காட்சியிடம் நம்பிச் சொன்னது. பிறகு அதே சாயலில் ஜீயின் தொடர் வர, பம்பாய் உயர் நீதிமன்றம் 2003இல் தடை போட்டது. நம்பிக்கையின் பேரில் ரகசியமாகச் சொன்ன கருவை, சொன்னவருக்குத் தெரியாமல் பயன்படுத்தக் கூடாது என்பது அங்கே எடுபட்டது. ஆகவே கதை சொல்லிவிட்டுப் படியிறங்கியதும் முதல் வேலையாக, 'இன்று உங்களுக்குச் சொன்ன கதையின் சுருக்கம் இது, ரகசியமாக வைத்திருக்க வேண்டுகிறேன்' என்று ஒரு மின்னஞ்சல் தட்டுங்கள். டீ அப்புறம்.

கடைசி அறை, தயாரிப்பாளர் ஆபீஸ். அட்வான்ஸ் காசோலையின் வாசனையில் பலரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும் இடம். இங்கே தியாகராஜன் குமாரராஜாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதி இயக்கிய 'ஆரண்ய காண்டம்' 2011இல் வந்தது. அதை டப்பிங் செய்யவும் ரீமேக் செய்யவும் உரிமை யாருக்கு என்று தயாரித்த கேபிடல் ஃபிலிம் வொர்க்ஸோடு வழக்கு. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அழகாகப் பிரித்தது: டப்பிங் என்பது இருக்கிற படத்துக்கு வேறு குரல், அது தயாரிப்பாளருடையது, ரீமேக் என்பது திரைக்கதையிலிருந்து புதுப் படம், எழுத்தாளர் எழுதிக் கொடுக்காதவரை அது எழுத்தாளருடையது. படம் ஒருவருக்கு, பேப்பர் இன்னொருவருக்கு!

எழுதிக் கொடுக்கும்போதும் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால் அது காலாவதி. ஆனால் 'ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லப்பட்டிருந்தாலொழிய' என்ற வாலும் அதில் உண்டு. அதனால்தான் தயாரிப்பு நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்', 'காலாவதி ஆகாது' என்ற சொற்கள் அடிக்கடி தலைகாட்டும். எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கின்றன என்று தேடிப் பிடித்துவிட்டு, அப்புறம் பேனா மூடியைக் கழற்றுங்கள்.