மெதடிஸ்த திருச்சபையில் போதகர் மாற்றம்

மெதடிஸ்த திருச்சபையில் போதகர் மாற்றம் என்பது, ஒரு சபையில் பணியாற்றும் போதகரைச் சில ஆண்டுகளுக்குப் பின் வேறிடத்திற்கு அனுப்பி, அவரது இடத்தில் புதியவரை அமர்த்தும் நடைமுறை ஆகும். பாப்திஸ்து சபைகள் போன்றவற்றில் சபையாரே தம் போதகரைத் தேடித் தெரிவு செய்வர். மெதடிஸ்த மரபிலோ போதகரை நியமிக்கும் அதிகாரம் மாநாட்டிடம் அல்லது பேராயரிடம் உள்ளது. எனவே புதிய போதகர் பலவேளைகளில் தம்மைத் தெரிவு செய்யாத மக்களுக்குத் தலைமை ஏற்கிறார்.

வரலாறு

மெதடிச இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி (1703–1791) இங்கிலாந்தில் ஊர் ஊராகச் சென்று போதித்தவர். தம் உதவியாளர்களையும் அவர் ஒரே இடத்தில் நிலைக்க விடவில்லை. ஒரு போதகரிடம் எல்லாத் திறமைகளும் இருப்பதில்லை என்றும், நெடுங்காலம் ஒரே சபையில் போதிப்பவரின் பேச்சு புதுமையை இழந்துவிடும் என்றும் அவர் கருதினார். அருகருகே உள்ள சபைகள் பல சேர்ந்து 'சேகரம்' எனப்பட்டன. போதகர்கள் குதிரையில் சேகரத்தைச் சுற்றி வந்தனர். முதல் மாநாடு 1744 இல் இலண்டனில் கூடியது. 1784 இல் வெஸ்லி பதிவு செய்த சட்ட ஆவணம், இங்கிலாந்துத் திருச்சபையின் குருமார் தவிர்ந்த எவரையும் ஒரே ஆலயத்திற்குத் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் நியமிக்கக் கூடாது என வரையறுத்தது.

போதகர் அடிக்கடி மாறியும் சபைகள் குலையாமல் இருந்ததற்கு 'வகுப்பு' என்னும் அமைப்பு முக்கிய காரணமாகும். 1742 இல் பிரிஸ்டலில், ஆலயக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி திரட்டுவதற்காக உறுப்பினர்கள் ஏறத்தாழப் பன்னிருவர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். பணம் திரட்டச் சென்ற தலைவர்கள் நாளடைவில் உறுப்பினரின் ஆன்மீக நலனையும் விசாரிக்கலாயினர். போதகர் வந்து போகிறவர்; வகுப்புத் தலைவரோ அவ்வூரிலேயே வாழ்பவர். அதனால் சபையின் நினைவும் தொடர்ச்சியும் அவரிடமே இருந்தன.

அமெரிக்காவில் 1784 இல் மெதடிஸ்த பேராயத் திருச்சபை அமைக்கப்பட்டது. அங்கு பேராயர் பிரான்சிசு ஆசுபரி (1745–1816) போதகர்களை நியமித்தார். பேராயரின் நியமனத்தால் பாதிக்கப்படுவோர் மாநாட்டில் முறையிட உரிமை வேண்டும் என 1792 இல் ஜேம்சு ஓ'கெலி கோரினார். கோரிக்கை தோற்றதால் அவர் தம் ஆதரவாளருடன் பிரிந்து சென்றார். 1804 இல் ஓரிடத்தில் பணியாற்றும் காலம் இரண்டு ஆண்டுகள் என வரையறுக்கப்பட்டது. அது 1864 இல் மூன்றாகவும், 1888 இல் ஐந்தாகவும் உயர்த்தப்பட்டு, 1900 இல் நீக்கப்பட்டது.

நியமன முறை

1968 இல் உருவான ஐக்கிய மெதடிஸ்த திருச்சபையில் பேராயர், மாவட்டக் கண்காணிப்பாளர்களின் துணையோடு நியமனங்களைச் செய்கிறார். போதகருடனும், சபையிலுள்ள போதகர் உறவுக் குழுவுடனும் முன்கூட்டியே கலந்தாலோசிப்பது கட்டாயமாகும். எனினும் முடிவு பேராயருடையதே. இனம், பால் முதலிய வேறுபாடு பாராது நியமிக்க வேண்டும் என்பது விதி. இத்திருச்சபையின் முன்னோடி அமைப்பு 1956 இல் பெண்களுக்கு முழுக் குருத்துவ உரிமை வழங்கியது.

பிரித்தானியாவில் போதகர் தனி ஆலயத்திற்கு அன்றிச் சேகரத்திற்கு நியமிக்கப்படுகிறார். ஒருவரே பல ஆலயங்களைக் கவனிப்பதுண்டு. சேகரத்தின் தேவைகளையும் போதகரின் நிலைமைகளையும் ஒரு குழு பொருத்திப் பார்க்கிறது. நியமனத்தை மாநாடு உறுதி செய்கிறது. முதல் நியமனக் காலம் பொதுவாக ஐந்து ஆண்டுகள்; தேவையெனில் நீட்டிக்கலாம். பணியாண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்குகிறது. ஞாயிறு தோறும் எந்த ஆலயத்தில் யார் போதிப்பது என்பது காலாண்டு அட்டவணையில் குறிக்கப்படும். இதில் குருத்துவம் பெறாத பிரசங்கிகளின் பங்கு பெரிது.

புதிய போதகரின் தொடக்கக் காலம்

போதகர் பொறுப்பேற்கும்போது வரவேற்பு ஆராதனை நடத்தப்படும். போதகரும் சபையாரும் தத்தம் கடமைகளை இதில் ஏற்றுக்கொள்வர். முதல் மாதங்களில் அவர் உறுப்பினர் பதிவேட்டைப் பார்வையிடுதல், நோயாளிகளையும் முதியோரையும் வீடுகளில் சந்தித்தல், நிதி நிலையை அறிதல், பல்வேறு குழுக்களின் தலைவர்களோடு பேசுதல் ஆகியவற்றில் ஈடுபடுவார். ஆராதனை ஒழுங்கையும் ஊர் வழக்கங்களையும் உடனே மாற்றுவது தவிர்க்கப்பட வேண்டியது எனக் கருதப்படுகிறது. ஒரு வழக்கம் எதனால் நிலைத்தது என்பதை அறியுமுன் அதை நீக்கினால், நம்பிக்கை வளருமுன்னரே பிணக்கு தோன்றலாம்.

முன்னைய போதகரின் ஒதுங்கலும் இன்றியமையாதது. புதியவரின் இசைவின்றி அவர் பழைய சபையில் திருமணமோ அடக்க ஆராதனையோ நடத்துவது முறையன்று. துயர வேளையில் பழகிய போதகரை நாடுவது மக்களின் இயல்பு. ஆயினும் அத்தகைய வேளைகளில்தான் புதியவருக்கும் சபைக்கும் இடையே உறவு உருவாகிறது.

நன்மைகளும் விமர்சனங்களும்

சிறிய, வறிய சபைகளுக்கும் போதகர் கிடைப்பதும், சபை ஒரு தனிமனிதரைச் சார்ந்துவிடாமல் இருப்பதும் இம்முறையின் நன்மைகளாகக் கூறப்படுகின்றன. செல்வாக்குள்ளவர்களுக்குப் பிடிக்காத உண்மையைக் கூறும் போதகரை அவர்கள் தாமாகவே நீக்க இயலாது என்பதும் சுட்டப்படுகிறது.

மறுபுறம், துணைவரின் வேலையும் பிள்ளைகளின் கல்வியும் இடமாற்றத்தால் பாதிக்கப்படுகின்றன. குடியிருக்கும் வீடு சபையுடையதாக இருப்பின் ஓய்வுக் காலத்தில் சொந்த வீடின்றி நிற்கும் நிலையும் ஏற்படலாம். பிரித்தானியாவில் அடிப்படை உதவித்தொகை அனைவருக்கும் ஒன்றே. அமெரிக்காவில் குறைந்தபட்ச ஊதியம் மட்டுமே வரையறுக்கப்படுவதால், இடமாற்றம் பதவி உயர்வாகவோ தாழ்வாகவோ பார்க்கப்படுகிறது. தகுதியுள்ள குருமாருக்கு நியமனம் உறுதி என்ற விதியை நீக்க 2012 இல் ஐக்கிய மெதடிஸ்த திருச்சபையின் பொது மாநாடு தீர்மானித்தது. அத்திருச்சபையின் நீதி மன்றம் அதே ஆண்டில் அத்தீர்மானத்தைச் செல்லாததாக்கியது.

இலங்கையிலும் இந்தியாவிலும்

1814 யூன் 29 அன்று வெஸ்லியன் மறைப்பணியாளர் காலியில் கரையிறங்கினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிப் புறப்பட்ட தோமசு கோக், வழியில் கடலிலேயே இறந்திருந்தார். எஞ்சியோர் தமக்குள் பணியிடங்களைப் பகிர்ந்துகொண்டனர். ஜேம்சு லிஞ்சும் தோமசு ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்திற்கும், வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பிற்கும் சென்றனர். ஓல்ட் மறு ஆண்டே அங்கு இறந்தார். லிஞ்சு 1817 இல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். இலங்கைத் திருச்சபை 1964 இல் தன்னாட்சி மாநாடு ஆனது. அங்கு சேகரத்தின் பொறுப்பாளர் 'சேகர முகாமைக் குரு' எனப்படுகிறார்.

தென்னிந்தியாவின் வெஸ்லியன் சபைகள் 1947 இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. அமெரிக்க மறைப்பணி வழி வந்த சபைகள் 1981 இல் இந்திய மெதடிஸ்த திருச்சபையாகத் தன்னாட்சி பெற்றன. இது பேராயர்களைக் கொண்ட அமைப்பாகும்.