அத்திப்பள்ளிக்கு இப்பாலும் அப்பாலும்: மரபணு ஆய்வகத்தில் யாருக்கு வேலை?

ஓசூர் தளி சாலையில் மத்திய பட்டு வாரியத்தின் மரபுவள மையம் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகளும் நானூறுக்கும் மேற்பட்ட பட்டுப்புழு இனங்களும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. பாதுகாப்பது என்றால் பெட்டியில் போட்டுப் பூட்டிவைப்பதல்ல. மல்பெரி குச்சி நட்டு வளர்க்கும் செடி. தோட்டத்தில் உயிரோடு நின்றால்தான் அந்த வகை மிஞ்சும். புழுவின் பாடு இன்னும் கடினம். ஆண்டு முழுக்கப் பொரிக்கும் இனங்களை முட்டை பொரிக்கவிட்டு, தழை போட்டு, கூடு கட்டவைத்து, பூச்சி வெளிவந்து மறுபடி முட்டையிடும்வரை ஆண்டுக்குப் பலமுறை வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தட்டுப் புழு பக்கத்துத் தட்டில் கலந்துவிட்டால் பல ஆண்டு உழைப்பு பாழ்.

ஜீனோடைப்பிங் தேவைப்படுவது இங்கேதான். மல்பெரிக் குச்சி ஊர் ஊராகக் கைமாறிப் போகும்போது ஒரே செடி நாலு பெயர் வாங்கிக்கொள்ளும். இலையைப் பார்த்து இனம் சொல்லலாம் என்றால், ஒரே மரத்தில் பிளவுபட்ட இலையும் பிளவில்லாத இலையும் சேர்ந்தே இருக்கும். இளம் இலையை அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, வகைக்கு வகை மாறுபடும் சில இடங்களை மட்டும் பி.சி.ஆர். முறையில் பெருக்கி ஒப்பிட்டால் எது அசல், எது இரட்டிப்பு என்று தெரிந்துவிடும். ஓசூர் மைய விஞ்ஞானிகள் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து ஆய்விதழ்களில் வெளியிட்டிருக்கிறார்கள்.

ஜீனோடைப்பிங்கையும் சீக்வென்சிங்கையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட சில பெயர்கள் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது முதலாவது. வீடு வீடாகப் போய் எல்லோரையும் கணக்கெடுப்பது இரண்டாவது. கணக்கெடுப்பு ஒருமுறை முடிந்தால்தான் எந்தெந்தப் பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்பதே தெரியும். பட்டுப்புழுவின் மரபணுத் தொகுதியை 2004இல் சீனக் குழுவும் ஜப்பான் குழுவும் தனித்தனியே வெளியிட்டன. மல்பெரியில் ஒரு சீன இனத்தின் தொகுதி 2013இல் வெளிவந்தது. மனிதத் தொகுதி ஒன்றை முழுதாகப் படிக்க 2001இல் சுமார் 10 கோடி டாலர் செலவானது. இன்று ஆயிரம் டாலருக்கும் கீழே. வேலைகள் பெருகியதற்கு இந்த விலைச் சரிவுதான் காரணம். அதே சரிவு ஒருசில வேலைகளை மலிவாக்கியும் விட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

மரபணு வந்துவிட்டால் பழையதெல்லாம் போய்விடும் என்று யாரும் எண்ண வேண்டாம். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்துப் பட்டு விவசாயிக்கு முதல் தேவை நோயில்லாத முட்டை. பெப்ரின் நோய்க் கிருமி இருக்கிறதா என்று முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். 1860களில் பிரான்சில் லூயி பாஸ்டர் வகுத்துக் கொடுத்த வழி அது. பி.சி.ஆர். சோதனையும் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான பூச்சிகளைத் தினமும் பார்க்க வேண்டிய இடத்தில் நுண்ணோக்கியும் பழகிய கண்ணும்தான் கட்டுப்படியாகும்.

இனி மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டுவோம். ஓசூர் சாலையில் பெங்களூரை நோக்கிப் போனால் பொம்மசந்திராவில் நாராயணா ஹெல்த் சிட்டி வளாகம் வரும். 2013இல் தொடங்கப்பட்ட மெட்ஜீனோம் நிறுவனத்தின் ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து ரத்த மாதிரிகள் அங்கே வருகின்றன. அதே சாலையில் ஹெப்பகோடியில் 1978இல் பிறந்த பயோகான். பொம்மசந்திரா–ஜிகினி பக்கம் அதன் துணை நிறுவனமான சின்ஜீன். எலக்ட்ரானிக் சிட்டியின் பயோடெக் பூங்காவில் ஐ.பி.ஏ.பி. என்று அழைக்கப்படும் உயிர்த் தகவலியல் கல்வி நிறுவனமும் மனித மரபியல் மையமும் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. ஓசூர்க்காரர் எல்லை நெரிசலைப் பேருந்திலோ பைக்கிலோ கடந்துதான் தீர வேண்டும். கர்நாடகத்தில் தனியார் வேலைகளை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கும் மசோதா 2024 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் பெற்று, எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது எல்லையோரத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இப்படிப்பட்ட ஆய்வகத்துக்குள் ஒரு ரத்தக் குழாய் வந்து சேர்ந்தால் என்ன நடக்கிறது? முதலில் பதிவு: பட்டைக்குறி, நோயாளி விவரம், ஒப்புதல் படிவம். அடுத்து டி.என்.ஏ. பிரிப்பு. பிறகு அதைத் துண்டாக்கி, முனைகளில் அடையாளத் துணுக்குகளை ஒட்டி, இயந்திரத்துக்குத் தயாராக்குவது. இதற்கு ‘லைப்ரரி பிரெப்’ என்று பெயர். இயந்திரம் ஓடி முடித்ததும் கோடிக்கணக்கான சிறு துண்டு வரிகள் கணினியில் வந்து விழும். அவற்றை ஒப்பீட்டுக்கான பொதுத் தொகுதியோடு பொருத்தி, எங்கெல்லாம் வேறுபாடு இருக்கிறது என்று பட்டியலிடுவது உயிர்த் தகவலியலாளரின் வேலை. ஒருவரின் முழுத் தொகுதியில் இப்படி லட்சக்கணக்கான வேறுபாடுகள் வரும். அவற்றில் நோய்க்குக் காரணமான ஒன்றிரண்டைத் தேடிப் பிடித்து, ‘நோய் தரும்’ என்பதிலிருந்து ‘தீங்கற்றது’ வரை ஐந்து வகைகளில் ஒன்றில் வைப்பவர் மாறுபாட்டு ஆய்வாளர்.

இந்த ஐந்தில் நடுவே இருப்பது ‘பொருள் தெளியாதது’. நம் நாட்டு நோயாளிகளுக்கு இந்த வகை அதிகம் வரும், ஏனென்றால் ஒப்பிடும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அந்தக் குறையைப் போக்கத்தான் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020இல் ஜீனோம் இந்தியா திட்டத்தைத் தொடங்கியது. 10,000 பேரின் தொகுதிகளைப் படித்த அந்தத் திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒருங்கிணைத்தது பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தின் மூளை ஆராய்ச்சி மையம்.

மேலே சொன்ன வரிசையில் முன்பாதி வேலைகளை ரோபோ கைகள் வேகமாகப் பிடித்துவருகின்றன. சொட்டுச் சொட்டாகத் திரவம் ஊற்றும் வேலையை மட்டுமே கற்றுக்கொண்டு போகிறவரின் சம்பளம் தொடக்கத்திலும் அதிகமிராது, பிறகும் எளிதில் உயராது. பி.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்தவர்கள் பலர் ஆய்வகத்துக்குப் போகாமல் மருந்து விற்பனைக்குப் போவதில் வியப்பில்லை. பின்பாதியில்தான் ஆள் பற்றாக்குறை. அங்கே உயிரியலும் கணக்கும் கணினியும் ஒருவருக்கே தெரிந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் நோயாளியிடம் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

நோயாளியிடம் பேசுவது என்றதும் சிலர் சிரிக்கலாம். மரபணு ஆலோசகர் என்று ஒரு தொழில் இருக்கிறது. அறிக்கையில் இருப்பதை அந்தக் குடும்பத்துக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதும், அடுத்து என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று விளக்கி, முடிவை அவர்களிடமே விடுவதும் அவர் பணி. ஓசூர் வட்டாரத்து இளைஞர்களுக்கு இது ஏற்ற வேலை என்பது என் கணிப்பு. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வளர்கிற பிள்ளைகள் இங்கே ஏராளம். பொம்மசந்திராவின் மருத்துவமனைகளுக்கு வரும் குடும்பங்களும் இந்த மூன்று மொழிகளையே பேசுகின்றன.

பேச வேண்டிய விஷயமும் நம் வீட்டு விஷயம்தான். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள்தான் நடக்கின்றன. மாமன் மகளை மணப்பவர் தன் மனைவியோடு சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுவையும், அக்கா மகளை மணப்பவர் நான்கில் ஒரு பங்கையும் பகிர்ந்துகொள்கிறார். இருவரும் ஒரே குறைபாட்டைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. ‘முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வராது’ என்று கணக்குப் போடும் பெற்றோர் நிறையப் பேர். ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத்தான் தொடங்கும். இதைச் சொல்லும்போது பெண் வீட்டார்மேல் பழி விழாமல் சொல்ல வேண்டும். ‘எங்கள் வம்சத்தில் இல்லை’ என்று எழுந்து நிற்கும் மாமியாரையும் உட்காரவைக்க வேண்டும். படிப்பு பாதிதான், மீதி பக்குவம். இதற்கு முதுநிலைப் படிப்புகள் நாட்டில் சில இடங்களில் மட்டுமே உண்டு. கர்நாடகக் கடலோரத்தில் மணிபால் அவற்றில் ஒன்று.

இந்த வேலைக்குப் போகிறவர் ஒரு சட்டத்தை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதப்பதை ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோ 1997இல் கண்டறிந்தார். அதை வைத்துப் பத்து வார கர்ப்பத்திலேயே டவுன் நோய்க்குறிக்கான வாய்ப்பைக் கணிக்கிறார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்பதும் அதே தரவில் தெரியும். தெரிந்தாலும் அறிக்கையில் வரக்கூடாது, வாய்வழியாகவோ சைகையாலோகூடச் சொல்லக்கூடாது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி மரபணு ஆய்வகம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மீறினால் முதல் முறையே மூன்று ஆண்டு வரை சிறை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தருமபுரிக்கு விரிந்தபோது, ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி அந்த மாவட்டத்தின் ஒரு பகுதி. 2004இல்தான் தனி மாவட்டமானது. ஆய்வகத்தில் வேலை செய்யும் உள்ளூர்ப் பிள்ளைக்குச் சொந்தக்காரர் ஒருவர் போன் செய்து ‘சும்மா சொல்லு’ என்று கேட்கக்கூடும். அந்த அழைப்புக்கான பதிலை வேலையில் சேரும் முன்பே தயாராக வைத்துக்கொள்ளட்டும்.

கால்நடைத் துறையிலும் வாய்ப்பு உண்டு. ஓசூர் மத்திகிரியில் 1824இல் தோன்றிய பெரிய கால்நடைப் பண்ணை இருக்கிறது. இதே வட்டாரத்துக்கு உரியது ஆலம்பாடி மாட்டினம். காளையின் தரத்தை அதன் மகள்கள் கறக்கும் பாலைக் கொண்டு அறிய முன்பு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கன்றாக இருக்கும்போதே டி.என்.ஏ.வைச் சோதித்துக் கணிக்க, நாட்டு மாடுகளுக்கென்று ‘கவுசிப்’ என்ற சில்லு 2024 அக்டோபரில் வெளியிடப்பட்டது. கால்நடை மருத்துவம் படித்தவர்கள் இந்தப் பக்கம் பார்க்கலாம்.

ஓசூரின் தொழிற்சாலைப் படிப்புக்கும் இங்கே இடமிருக்கிறது, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. சீக்வென்சிங் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கேமரா, ஒளிமூலம், நுண் குழாய்கள், பம்பு, வெப்பக் கட்டுப்பாடு. அதைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் இன்ஸ்ட்ருமென்டேஷன், எலக்ட்ரானிக்ஸ், பயோமெடிக்கல் படித்தவர்கள்தான் தேவை. இயந்திரம் நின்றால் ஆய்வகமே நிற்கும் என்பதால் சர்வீஸ் என்ஜினியருக்கு மதிப்பும் அதிகம், அலைச்சலும் அதிகம்.

எங்கே படிப்பது? இளநிலையில் உயிரித் தொழில்நுட்பம்தான் வேண்டும் என்றில்லை. விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், வேளாண்மை எதுவும் போதும். அதைப் படிக்கும்போதே புள்ளியியலையும் பைத்தான் அல்லது ஆர் மொழியையும் பழகுங்கள். பட்டில் ஆர்வமிருந்தால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வேளாண் பல்கலைக்கழகம் பட்டுவளர்ப்பில் இளநிலைப் பட்டம் தருகிறது. முதுநிலை இல்லாமல் இந்தத் துறையில் உயர்வது கடினம். மத்திய அரசு உதவித்தொகையோடு முதுநிலை உயிரித் தொழில்நுட்பம் படிக்க கேட்-பி என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இந்தப் படிப்பை 1980களிலேயே தொடங்கிவிட்டது. ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அரசு ஆய்வகங்களில் திட்டப் பணியிடங்களும் வரும். திட்டம் முடிந்தால் பணியும் முடியும் என்பதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். சென்னையில் பொது சுகாதாரத் துறை 2021 செப்டம்பரில் சொந்தமாக மரபணு வரிசைப்படுத்தும் ஆய்வகத்தைத் திறந்தது. மாநில அரசு ஆய்வகமே இந்த இயந்திரத்தை ஓட்டத் தொடங்கிவிட்டது.

ஆறு வாரத்தில் ஜீனோமிக்ஸ் நிபுணர் ஆகலாம் என்று பல ஆயிரம் ரூபாய் கேட்கும் சான்றிதழ் வகுப்புகளின் விளம்பரம் கல்லூரி மாணவர்களின் போனில் வந்துகொண்டே இருக்கிறது. பணம் கட்டும் முன் ஒன்று செய்து பாருங்கள். அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. தளத்தில் உலகெங்கும் படிக்கப்பட்ட மரபணுத் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஆராயும் மென்பொருள்களும் பெரும்பாலும் இலவசம். கொரோனா வைரஸின் மொத்தத் தொகுதி சுமார் 30,000 எழுத்துகள்தான், சாதாரண மடிக்கணினி தாங்கும். லினக்ஸ் போட்டு, ஒரு மாதிரியின் தரவை இறக்கி, வூஹான் தொகுதியோடு பொருத்தி, எத்தனை இடங்களில் மாறியிருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். ஒரு மாதம் தட்டுத் தடுமாறியும் உட்கார முடிந்தால் மேலே படிக்க விண்ணப்பியுங்கள். பத்து நாளில் சலித்துப்போனால் அந்தப் பல ஆயிரம் மிச்சம்.