பழைய மோட்டார் வண்டியும் ரைமிங் செயினும்

பழைய மோட்டார் வண்டி வாங்கும் அன்பர்கள் எம்மிடம் அடிக்கடி வினவுவது ஒன்றுண்டு: "வண்டி 1,50,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது, ரைமிங் செயினை மாற்றவேண்டுமா?" தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவன்று இது. ஆயினும் பழைய வண்டியை நெடுங்காலம் வைத்திருப்போர் வரிசையில் ஆசிரியர்க்கு என்றும் இடமுண்டு ஆதலின், அறிந்தவற்றைக் கூற முற்படுகின்றோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியொன்றின் விலையே ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் விழுங்கத்தக்கதாயிற்று. அத்தகைய வண்டியின் இயந்திரம் கெடுமாயின் மீள்வது அரிது.

கிராங் தண்டு இருமுறை சுழல, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒருமுறை சுழலவேண்டும். இக்கணக்குப் பிழையாது காப்பதே ரைமிங் செயின். சில இயந்திரங்களில் இத்தொழிலை இறப்பர்ப் பெல்ற் செய்யும். ரொயோற்றாவின் 5ஏ இயந்திரத்தில் உள்ளது பெல்ற். கொறொல்லா 121 இல் வந்த 1என்இசட் இயந்திரத்தில் உள்ளது செயின். பெல்ற்றை மாற்றத் தயாரிப்பாளர் கிலோமீற்றர்க் கணக்கு வகுத்துள்ளனர். செயினுக்குப் பெரும்பாலும் வகுப்பதில்லை. வகுக்காமையால் அது அழியாது என்று கொள்ளுதல் தவறு.

"செயின் நீண்டுவிட்டது" என்பர் திருத்துநர். இஃது உபசார வழக்கேயாம். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளைப் பிணைக்கும் சிற்றாணிகளும் அவை அமர்ந்த துளைகளுமே தேய்கின்றன. 120 கண்ணிகள் கொண்ட செயினில் கண்ணிக்கு 0.05 மில்லிமீற்றர் தேய்ந்தால் மொத்தம் 6 மில்லிமீற்றர் தளர்வு உண்டாகும். தளர்ந்த செயின் பற்சக்கரத்தில் ஒரு பல் தாவினும் ஓட்டம் கெடும். பல பற்கள் தாவினாலோ, அன்றி அறுந்தாலோ, பல இயந்திரங்களில் வால்வும் பிஸ்ரனும் மோதிக்கொள்ளும். அதன்பின் வரும் செலவு செயின் மாற்றும் செலவிற் பன்மடங்காகும்.

"எங்கள் மொறிஸ் மைனருக்குச் செயினே மாற்றியதில்லையே" என மூத்த பழைய மாணவர் சிலர் கூறக்கூடும். அவ்வண்டிகளில் கேம் தண்டு கிராங் தண்டுக்கு அணித்தாகக் கீழே இருந்தமையால் செயினும் குறுகியது. 1990களில் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வராதிருந்த காலத்து, எரியாத மண்ணெண்ணெய் இறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தபோதும், அவை இரைந்துகொண்டேனும் ஓடின. இக்கால இயந்திரங்களிலோ கேம் தண்டு உச்சியில் உள்ளது. செயின் நீண்டது, பிளாஸ்ரிக் வழிகாட்டிகளின்மேல் உராய்ந்து செல்வது, பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இறுக்கி ஒன்றால் தாங்கப்படுவது. ஆதலின் எண்ணெய் அழுக்கேறினால் செயின், இறுக்கி இரண்டும் ஒருங்கே கெடும். காலந்தவறாது எண்ணெய் மாற்றிய வண்டி 2,00,000 கிலோமீற்றர் கடந்தும் நன்றாயிருக்கலாம். மாற்றாத வண்டி அதிற் பாதித் தூரத்திலேயே தளர்ந்துவிடலாம். மேலும், பழைய வண்டியின் கிலோமீற்றர்க் கணக்கை எவர் நம்புவார்?

எனவே செவியையே முதற்கண் நம்புக. இரவு முழுதும் குளிர்ந்திருந்த இயந்திரத்தைக் காலையில் இயக்கும்போது, முன்பக்கத்தில் ஓரிரு நொடி கலகலத்து அடங்கினால் கவனித்து வரலாம். ஒலி நாளுக்கு நாள் நீளினும், சூடேறிய பின்னும் நில்லாதிருப்பினும், திறந்து பார்த்தல் வேண்டும். விற்பவர் சிலர், வாங்குவோர் வருமுன்னரே வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைத்துவிடுவர். பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாயிருந்தால் மறுநாட் காலையில் வருவதாகக் கூறித் திரும்புங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் தார்போற் கரிய படிவு இருப்பின் அவ்வண்டியின் பராமரிப்பை ஐயுறலாம். கணினியில் பி 0016 என்னும் குறியீடு தோன்றினால் இரு தண்டுகளும் இசைந்து சுழலவில்லை என்பது பொருள். உணர்கருவியின் பழுதாலும் இது தோன்றுமாதலின், இதனை மட்டுங்கொண்டு செயினை மாற்றப் புகுதல் வீண்செலவு.

ஒலியும் இல்லை, குறியீடும் இல்லை, எண்ணெயும் தூயது எனின் மாற்றாது விடுக என்பதே எம் கருத்து. வேறு வேலைக்காக முன்மூடியைக் கழற்ற நேரின் அப்போது செயினை அளந்து பார்க்கலாம். கூலியிற் பெரும்பகுதி அம்மூடியைத் திறப்பதற்கே செல்கின்றது. மாற்றுவதாயின் இறுக்கி, வழிகாட்டிகள், பற்சக்கரங்கள் யாவற்றையும் சேர்த்தே மாற்றுக. தேய்ந்த பல் புதுச்செயினையும் விரைவில் தேய்த்துவிடும். பூட்டியபின் இயந்திரத்தை இயக்குமுன் கிராங் தண்டைக் கையால் இருமுறை முழுதாகச் சுழற்றி, அடையாளங்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்குமாறு திருத்துநரைக் கேளுங்கள். கழற்றிய செயினையும் வாங்கிப் புதியதன் அருகே நீட்டி வைத்துப் பார்த்தால், எவ்வளவு தேய்ந்திருந்தது என்பது கண்ணுக்கே புலனாகும்.